எட்டுக்கு இரண்டு வாங்கிய சம்பந்தியம்மா

மனிதருள் மேலோர் யார், கீழோர் யார் என்று ஞானிகளும் மன்னர்களும் மாமியார்களும் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். விடை கிடைக்கவில்லை. கடைசியில் அது மூன்று பிளாக்குகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம், ஜெனரேட்டர் அறைக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கிடைத்தது. விடை, ஒரு புள்ளி. அதற்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் ஓர் எண். அவ்வளவுதான் மனிதன்.

இந்த உண்மையை மக்களுக்கு அருளியவர் குடியிருப்பின் விளையாட்டுக் குழுச் செயலாளர். ஓய்வுபெற்ற அதிகாரி. எந்தத் துறை என்று கேட்டால், "எல்லாத்தையும்தான் பார்த்திருக்கேன்" என்பார். கழுத்தில் விசில், கையில் அட்டை, அட்டையில் படிவம். அவருடைய நடுநிலைமை மூன்று பிளாக்குகளிலும் பிரசித்தம். சொந்த மைத்துனரையே 2.25 என்று எழுதிவிட்டு, அன்று மதியம் அதே மைத்துனர் வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டவர்.

ஆட்டத்தின் பெயர் பிக்கிள்பால். துளை போட்ட பிளாஸ்டிக் பந்து. மேசைப்பந்து மட்டைக்கு அண்ணன், டென்னிஸ் மட்டைக்குத் தம்பி என்று சொல்லத்தக்க ஒரு மட்டை. நடுவில் வலை. வலைக்கு இரண்டு பக்கமும் ஏழடி தள்ளி ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அந்த இடத்துக்கு 'கிச்சன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"கிச்சனுக்குள்ளே போகாதீங்க! கிச்சனுக்குள்ளே போகாதீங்க!" என்று முதல் நாள் செயலாளர் கத்தினாரே, அன்றே இரண்டு பெண்மணிகள் இந்த ஆட்டத்துக்கு அடிமையாகிவிட்டார்கள். அறுபது வருஷத்தில் ஓர் ஆண்பிள்ளை வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர்கள் கேட்டதே இல்லை.

ஒருத்தி கண்ணாடியம்மா. கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். எழுத்துப் பலகைக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து, கனத்த சோதனைச் சட்டத்தை மூக்கில் ஏற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே இருபத்தாறு வருஷம் ஓட்டியவள். இன்னொருத்தி கணக்கு டீச்சர். முப்பத்திரண்டு வருஷம் சிவப்பு மையால் பிள்ளைகளின் தலையெழுத்தை எழுதி ஓய்வு பெற்றவள். கண்ணாடியம்மாவின் மகளை டீச்சரின் மகனுக்குக் கொடுத்திருந்தது. ஆகவே இருவரும் சம்பந்திகள்.

சம்பந்திகள் என்றால் தெரியாதா? ஆறு வருஷமாக ஒரே வளாகத்தில், கண்ணாடியம்மா சி பிளாக், டீச்சர் மகன், மருமகளோடு ஏ பிளாக். பேச்சு மொத்தம் நாலு வார்த்தை. "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "சௌக்கியமா?" "ம்." மற்றதெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்ட மகள் வழியாகத்தான் போகும், வரும்.

இந்த இரண்டு பேரையும் ஆட்டம் ஒரே பக்கத்தில் நிறுத்தியது. முதல் மாதம் பந்து வந்தால் போதும், "உங்களுது" என்பாள் இவள். "ஐயோ, பரவாயில்லை, உங்களுது" என்பாள் அவள். பந்து இருவருக்கும் நடுவில் மரியாதையோடு விழும். மாதம் ஒன்றரை ஆனதும் ஒருநாள் டீச்சர், "தள்ளுங்க சம்பந்தி, என்னோடது!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். பந்து குப்பைத் தொட்டியில் விழுந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆறு வருஷத்துப் பனி அந்தத் தொட்டிக்குள் போயிற்று. அன்றிலிருந்து காலை ஆறு முதல் ஏழு வரை அந்த இருவருக்கும் உலகத்தில் வேறு வேலை கிடையாது. கண்ணாடியம்மாவின் வீட்டுக்காரர் போன பிறகு அவளோடு வாய்விட்டுச் சிரிக்க ஓர் ஆள் கிடைத்தது அந்த ஒரு மணிநேரத்தில்தான்.

சிரித்துக்கொண்டு ஆடினால் அது விளையாட்டாகிவிடாதா? செயலாளர் விழித்துக்கொண்டார். 'ஆட்டத்திறன் மதிப்பீட்டு ஒழுங்குமுறை' பிறந்தது. பதினாலு பக்கம். அடிமட்டம் 2.0, உச்சி 8.0. ஒவ்வொருவரும் தனக்கும் தன் இணைக்கும் மதிப்பெண் எழுதித் தரவேண்டும். செயலாளர் நேரில் ஆட்டத்தைக் கவனித்துச் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்துவார்.

அந்த வாரம் டீச்சர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தாள். "ரெண்டு பேருக்கும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சம்பந்தி. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில்தான், கண்ணுகளா, கண்ணாடியம்மாவின் இருபத்தாறு வருஷ அனுபவம் அவளுக்குக் குழி தோண்டியது.

அவள் கடையில் எண் என்றால் என்ன? பூஜ்யம் என்றால் கழுகுக் கண். ஒன்று என்றால் பரவாயில்லை. இரண்டு, கவனம். மூன்றரை என்றால், "அடப்பாவமே, இவ்வளவு நாள் எப்படித் தெருவைத் தாண்டினீங்க?" எண் ஏற ஏறக் கோளாறு. இது அவள் ரத்தத்தில் ஊறிய கணக்கு. பதினாலு பக்கத்தில் முதல் பக்கத்தைப் படித்தாள். மீதியைக் கடை கூட்டுகிற நேரத்தில் படிக்கலாம் என்று வைத்தாள். கடையைக் கூட்டினாள், படிக்கவில்லை.

படிவத்தை விரித்தாள். சம்பந்தி, அதுவும் பையனைப் பெற்றவள். அவளுக்கு உள்ளதில் உயர்ந்த இடத்தைத்தான் தரவேண்டும். பூஜ்யம் எழுதப் பார்த்தாள். 2.0-க்குக் கீழே கட்டமே இல்லை. சரி, இருப்பதில் சிறந்தது என்று நிறைந்த மனசோடு 'இணை: 2.0' என்று எழுதினாள். தனக்கு நியாயமாக 3.0 போடலாம். பெண்ணைக் கொடுத்தவள் அல்லவா, அடக்கம் வேண்டாமா? இன்னும் ஓர் அரையைச் சேர்த்து 3.5 ஆக்கினாள்.

செயலாளர் அடுத்த நாள் ஜெனரேட்டர் அறை ஓரமாக நாற்காலி போட்டுப் பத்து நிமிஷம் கவனித்தார். இரண்டு பெயருக்கும் நேராகச் 'சரிபார்க்கப்பட்டது' என்று குத்தினார். டீச்சர் அன்று முந்நூறு மைலுக்கு அப்பால் கல்யாணப் பந்தலில் இருந்தாள். அதனால் என்ன? நடுநிலையான கண்ணுக்குத் தூரம் ஒரு தடையா?

திங்கட்கிழமை டீச்சர் பெட்டியும் கையுமாக லிஃப்டுக்கு நின்றாள். லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை. நாற்பத்தேழு பெயர்கள், மேலிருந்து கீழாக. முதலிடம் குடியிருப்புத் தலைவர், 4.5. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு வருஷமாக மட்டையையே தொடாதவர், ஆகவே தோற்காதவர். நாலாவது இடம் கண்ணாடியம்மா. நாற்பத்தேழாவது இடம் கணக்கு டீச்சர். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே செயலாளர் கையெழுத்து. டீச்சர் பெயருக்கு நேரே, 'மதிப்பிட்டவர்' என்ற கட்டத்தில்: சம்பந்தி.

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. டீச்சர் நின்றுகொண்டே இருந்தாள்.

"எட்டுக்கு ரெண்டு" என்றாள் மெதுவாக. "இருபத்தஞ்சு சதவீதம். ஃபெயில்."

மறுநாள் ஆறு மணிக்குக் கண்ணாடியம்மா களத்தில் நின்றாள். ஆறே கால். ஆறரை. ஏ பிளாக் பக்கமிருந்து யாரும் வரவில்லை. வந்தது செயலாளர்தான்.

"காத்திருக்காதீங்கம்மா. விதி ஏழு, உட்பிரிவு ஆ. ஒண்ணுக்கு மேல வித்தியாசம் இருந்தா சேர்ந்து ஆடக் கூடாது. உங்களுக்குள்ள ஒண்ணரை."

"சேர்ந்து ஆடக் கூடாதா? ஏன் சார்?"

"மேல இருக்கிறவங்க தரம் கெட்டுடும்."

அவர் சொன்ன பிறகுதான் 'மேல' என்றால் எது, 'கீழ' என்றால் எது என்று கண்ணாடியம்மாவுக்கு உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு வலைக்கம்பத்தோடு சாய்ந்துவிட்டாள்.

அதற்குள் கைப்பேசி அலறியது. மகள்.

"அம்மா, என்னம்மா பண்ணி வெச்சே? அத்தை காலைலேர்ந்து எனக்கு மார்க் போடறாங்க! காபி மூணு பாயிண்ட் பூஜ்யமாம். நான் கதவைச் சாத்தின விதம் ரெண்டே காலாம். 'உங்கம்மா எனக்குப் போட்டதுக்கு இது தாராளம்'னு வேற சொல்றாங்க. உன் மாப்பிள்ளை பயத்துல குளிக்கப் போனவர் இன்னும் வெளியே வரலை."

கண்ணாடியம்மா அன்று மாலையே ஏ பிளாக்குக்குப் போனாள். டீச்சர் கதவைத் திறந்தாள், நாற்காலியைக் காட்டினாள், தண்ணீர் கொடுத்தாள். எல்லாம் முறைப்படி.

"குடிங்க மேடம்."

மேடம்! இரண்டு கன்னத்திலும் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"சம்பந்தி, சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க கடையில நம்பர் சின்னதா இருந்தாத்தான் உசத்தி. உங்களை மேல வைக்கணும்னுதான் ரெண்டு போட்டேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதுவும் கண்ணாடியம்மா கடைக் கண்ணாடிதான். "முப்பத்திரண்டு வருஷத்துல எத்தனை சாக்குக் கேட்டிருக்கேன். நோட்டை நாய் தின்னுடுச்சு, தாத்தா செத்துட்டார், ஒரே தாத்தா மூணு தடவை செத்துட்டார். 'சின்ன நம்பர்தான் உசத்தின்னு நினைச்சேன் டீச்சர்'னு ஒரு பையன்கூடச் சொன்னதில்லை மேடம்."

"நான் என்ன செஞ்சா நம்புவீங்க?"

"நான் நம்பறது இருக்கட்டும். மூணு பிளாக்கும் லிஃப்டுக்கு நிக்கும்போதெல்லாம் அதைத்தான் படிக்குது. பால் பாக்கெட் போடறவர் இன்னிக்கு என்னைப் பார்த்து 'பரவால்ல டீச்சர்'னு ஆறுதல் சொல்லிட்டுப் போறார். போர்டுல எழுதினதைப் போர்டுலதான் அழிக்கணும்."

கண்ணாடியம்மா நேரே செயலாளரிடம் போனாள். அவர் பரிவோடு கேட்டார். பிறகு சொன்னார்: "மதிப்பீடு நான் போடறதில்லைம்மா, கணக்கு போடறது. மாத்தணும்னா ஒரே வழி. ஆடணும். ஜெயிச்சா ஏறும், தோத்தா இறங்கும்."

"அவ்வளவுதானே? அப்ப நான் தோத்துக் கீழ வந்துடறேன். சம்பந்தியை எட்டிப் பிடிச்சிடுவேன்."

தோற்பதற்கு அவள் தனியாக எந்த முயற்சியும் எடுக்கத் தேவைப்படவில்லை. 3.5 என்று போட்டுவிட்டதால் மேல்தட்டு ஆட்டக்காரர்களோடு நிறுத்தினார்கள். உடற்பயிற்சிக்கூட மாஸ்டர் ஒருவர், பந்தை அடித்தாரா சுட்டாரா என்று தெரியவில்லை. பதினொன்றுக்கு ஒன்று. பதினொன்றுக்குப் பூஜ்யம். மூன்றாவது ஆட்டத்தில் மட்டை கையைவிட்டுப் பறந்து ஜெனரேட்டர் அறைக் கதவைத் தட்டியது. நாலு நாளில் ஒன்பது தோல்வி. கண்ணாடியம்மா வீங்கிய முழங்கையோடு சந்தோஷமாகப் பலகையைப் பார்க்கப் போனாள்.

அவள் பெயருக்கு நேரே 'விசாரணையில்' என்று எழுதியிருந்தது.

விசாரணை கூட்ட அறையில் நடந்தது. மூன்று பேர் குழு. தலைவர் முழங்காலை ஒரு தனி நாற்காலியில் வைத்திருந்தார்.

"3.5 ஆட்டக்காரர் இப்படி ஆட முடியாது" என்றார் செயலாளர். "ஆகவே நீங்க வேணும்னே தோத்திருக்கீங்க."

"ஐயா, எனக்கு ஆடத் தெரியாது ஐயா. கண்ணால பார்த்தீங்களே!"

"கண் ஏமாத்தும்மா. எண் ஏமாத்தாது. எண் 3.5-ன்னு சொல்லுது."

"அந்த எண்ணை எழுதினதே நான்தானே?"

தலைவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, "எழுதறது வரைக்கும்தான் அது உங்க எண்ணு. முத்திரை குத்தினப்புறம் அது சங்கத்தோட எண்ணு" என்றார். செயலாளர் அந்த வாசகத்தை அப்படியே அட்டையில் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. ஒன்பது ஆட்டங்கள் செல்லாது. தவிர, இத்தனை பேர் நம்பும்படி இவ்வளவு தத்ரூபமாகத் தோற்பதற்கு அபாரத் திறமை வேண்டும் என்பதால், கண்ணாடியம்மா 4.0-க்கு உயர்த்தப்படுகிறாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போக, அந்தப் பூதத்துக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. சம்பந்திக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது இரண்டு முழு எண். அன்று மகள் அனுப்பிய செய்தி: 'இன்னிக்கு நான் 1.75. ஸ்கேல்லயே இல்லையேம்மா அது?'

இதற்கிடையில் ஒழுங்குமுறை தன் உயர்ந்த பலன்களைத் தர ஆரம்பித்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், தன்னைவிடத் தரம் குறைந்த ஆளைப் பதினொன்றுக்கு ஏழு என்று ஜெயித்தார். பதினொன்றுக்கு மூன்று என்று ஜெயித்திருக்க வேண்டுமாம், ஆகவே இறங்கினார். ஜெயித்தும் இறங்கியவர் வீட்டில் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. தோற்றால் இறங்கும், குறைவாக ஜெயித்தால் இறங்கும், ஆடாதிருந்தால் மட்டும் அப்படியே நிற்கும். தலைவரின் மேன்மைக்குக் காரணம் இப்போதுதான் எல்லோருக்கும் விளங்கிற்று. ஒவ்வொருவராக மட்டையை உறையில் போட்டார்கள். மூன்றே வாரத்தில் களம் ஒரு தியான மண்டபம்போல் அமைதியாயிற்று. செயலாளர் மட்டும் தினமும் வந்து, காலியான களத்தைக் கவனித்து, 'தரம் நிலைபெற்றுள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார்.

அப்படி ஒரு காலையில்தான், வலையைத் தாண்டிப் பறந்த ஒரு புறாவுக்கு அவர், "சர்வீஸ் சரி!" என்று விசில் ஊதினார். குப்பை எடுக்கிறவர் பார்த்துவிட்டார்.

அன்று மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, செயலாளர் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார்.

"கண்ல ஏதோ தூசு. சும்மா ஒரு தடவை பாருங்க."

கண்ணாடியம்மா நாற்காலியைத் தட்டிக்கொடுத்தாள். கடை நாற்காலியில் உட்கார்ந்தவர் விரோதியே ஆனாலும் வெறும் இரண்டு கண்தான் அவளுக்கு. சோதனைச் சட்டத்தை மூக்கில் ஏற்றினாள். பலகையின் முதல் எழுத்தைத் தவிர மற்றதையெல்லாம் அவர் நல்ல தன்னம்பிக்கையோடு தப்பாகப் படித்தார். லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டாள். பலகை முழுக்கத் தெளிந்தது.

"ரெண்டு கண்ணும் ஒண்ணே கால் சார். தூரத்துக்கு."

செயலாளர் முகம் விழுந்தது. "ஒண்ணே காலா? வெறும் ஒண்ணே காலா?"

"ஆமாம் சார். நல்ல வேளை, கம்மிதான்."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? தலைவருக்கு ரெண்டே முக்கால்னு அவரே சொல்லியிருக்கார். என் அனுபவத்துக்கு ஒரு நாலாவது இருக்க வேண்டாமா? சரியாப் பாருங்க."

கண்ணாடியம்மாவின் கையில் லென்ஸ் அப்படியே நின்றது. தான் செய்த தப்பு, தலைகீழாக, விசில் போட்டுக்கொண்டு தன் கடை நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

"சார், கண்ணுக்கு நம்பர் குறையக் குறையத்தான் நல்லது."

"அது எப்படிம்மா? எண் பெருசுன்னா தரம் பெருசு. உலகத்துக்கே அதான் கணக்கு."

"இதைத்தான் சார் நான் ஃபாரத்துல மாத்திப் போட்டேன். உங்களுக்கும் இப்ப அதே தப்புதானே நடக்குது?"

"உங்களுது தப்பு" என்றார் செயலாளர் கம்பீரமாக. "என்னுது கருத்து வேறுபாடு."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் சம்பந்தி இல்லையே என்று அதைவிட முட்டியது. சிரிப்பை விழுங்கிவிட்டு யோசித்தாள். இருபத்தாறு வருஷத்தில் லென்ஸில் ஒரு பொய் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டாள். ஆனால் கண்ணாடிக்கு ஒரு டப்பா உண்டு. டப்பாவின்மேல் எதை எழுதி ஒட்டினாலும் கண் அதைப் படிக்கப்போவதில்லை.

"லென்ஸ் ஒண்ணே கால்தான் சார், அதுல கைவைக்க மாட்டேன். டப்பா மேல வேணா கொட்டை எழுத்துல நாலு பாயிண்ட் பூஜ்யம்னு போட்டுத் தரேன்."

செயலாளர் கண்கள், லென்ஸ் எதுவும் இல்லாமலே பிரகாசித்தன.

"ஆனா எனக்கு ஒரு உதவி. எனக்கும் சம்பந்திக்கும் ஒரே நம்பர் போடுங்க. எதுவானாலும் சரி. ரெண்டுன்னாலும் சந்தோஷம்."

"ஆடாம நானா இறக்க விதியில இடமில்லைம்மா." அவர் படிவத்தை எடுத்தார். "ஏத்தலாம்."

செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் லிஃப்டுக்கு நின்றாள். பலகையைப் பார்த்தாள். நாற்பத்தேழாவது இடத்தில் லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். நாலாவது இடத்தில் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. 4.0. 4.0.

அன்று மத்தியானம் கடைத் தொலைபேசி அடித்தது.

"எட்டுக்கு நாலு" என்றது டீச்சரின் குரல். "அம்பது சதவீதம். பாஸ்." அடுத்த கேள்வி உடனே வந்தது. "உங்க பொண்ணு சொன்னா, ஒன்பது ஆட்டம் தோத்தீங்களாமே? முழங்கை வீங்கிக் கிடக்காமே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"எனக்காகத் தோத்தீங்களாக்கும்?"

"பொய் சொல்லுவானேன்? எனக்கு ஆட வரலை, தோத்தேன்."

அந்தப் பக்கம் டீச்சர் சிரித்துவிட்டாள். "நாளைக்கு ஆறு மணி சம்பந்தி. லேட்டா வந்தீங்கன்னா வெளியிலதான் நிக்க வைப்பேன்."

அடுத்த நாள் களம் முழுக்க அவர்களுக்குத்தான். எதிர்ப்பக்கம் நிற்க, இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியோடு வந்தார். பந்து நடுவில் வந்தது. "என்னோடது!" என்றாள் இவள். "தள்ளுங்க, என்னோடது!" என்றாள் அவள். இரண்டு மட்டையும் மோதின. பந்து அவர்கள் காலடியிலேயே விழுந்து உருண்டது. ஏ பிளாக் மூன்றாவது மாடியில் மகள் ஜன்னலைத் திறந்து, அந்தச் சிரிப்பைக் கேட்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு கதவைத் தன் இஷ்டம்போல் சாத்தினாள்.

செயலாளர் ஜெனரேட்டர் அறை ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி, 'மிக உயர்தர ஆட்டம்' என்று எழுதிக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து டப்பா பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, 4.0 எல்லோருக்கும் தெரியும்படி. தலைவரிடம் அதைக் காட்டினாராம். தலைவருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லையாம்.

பந்தை எடுக்க அந்தப் பக்கம் போன கண்ணாடியம்மா, தொழில் பாசத்தில் கேட்டாள்: "சார், டப்பாவையே சுமக்கறீங்களே, கண்ணாடியைப் போட்டுப் பார்க்கலாமே? கோடு தெரியும், பந்து தெரியும், நாங்க ஆடறது நல்லாத் தெரியும்."

செயலாளர் நிமிர்ந்தார். அந்த நடுநிலையான கண்களைச் சுருக்கி, அவளுக்கு இரண்டடி தள்ளி இருந்த வலைக்கம்பத்தைப் பார்த்து, பொறுமையாகப் பதில் சொன்னார்:

"ஆட்டத்தைப் பார்த்துட்டா அப்புறம் நடுநிலையா எப்படிம்மா மதிப்பீடு போடறது?"